வீடு மாத்துறோம், லாரியில எதை ஏத்தலாம் எதை ஏத்தவே கூடாது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

புதுச்சாவி:
எல்லாருக்கும் வணக்கம். இன்னும் 12 நாள்ல வீடு மாத்துறோம், வேற ஊருக்கு, லாரி போய்ச் சேர ரெண்டு நாள் ஆகும்னு சொல்லிருக்காங்க. சாமான் ஏத்தி எறக்கற மூவர்ஸ் கம்பெனில இருந்து ஒருத்தர் வந்து வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, எல்லாத்தையும் ஏத்திரலாம் மேடம் நீங்க கையை வீசிட்டு வந்தாப் போதும்னு சொன்னார். ஆனா கையெழுத்துப் போட குடுத்த பேப்பரைத் திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல ஒரு நீள லிஸ்ட், இதெல்லாம் ஏத்த மாட்டோம், இதெல்லாம் ஏத்தினா உடைஞ்சா நாங்க பொறுப்பில்லன்னு. அதைப் படிச்சதுல இருந்து தூக்கம் வரல.

எங்க வீட்டுல இருக்கிறது இதுதான். டபுள் டோர் ஃப்ரிட்ஜ், ஆறு வருஷமான ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின், 55 இன்ச் டிவி, பார்ட்டிகிள் போர்டு வார்ட்ரோப் ரெண்டு, இன்வெர்ட்டர் பேட்டரி, காஸ் சிலிண்டர், போன வருஷம் பெயின்ட் அடிச்சதுல மிச்சம் ரெண்டு டப்பாவும் தின்னரும், 100 லிட்டர் மீன் தொட்டி (மீனோட), அம்மாவோட இன்சுலின். அப்புறம் அப்பா வரைஞ்ச ஆயில் பெயின்டிங் ஒண்ணு. அப்பா இப்ப இல்ல. மத்தது எது போனாலும் பரவால்ல, அந்தப் படத்துல ஒரு கீறல் விழுந்தாக்கூட அம்மா உடைஞ்சு போயிருவாங்க. எதை லாரில விடலாம், எதை நாங்களே கூட எடுத்துட்டுப் போகணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_லோடுமேன்:
தங்கச்சி, நான் 11 வருஷம் பேக்கிங் டீம்ல இருந்தவன், கடைசி நாலு வருஷம் சூப்பர்வைசர். அந்தப் பொடி எழுத்து லிஸ்ட் உங்களை ஏமாத்த போட்டது இல்ல, அதுல பாதி எங்க உசுரைக் காப்பாத்த போட்டது. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

காஸ் சிலிண்டர் லாரில வேணவே வேணாம். காலி சிலிண்டர்தானேன்னு நிறையப் பேரு வாதாடுவாங்க, அடுப்புல எரியலைன்னாலும் உள்ள கொஞ்சம் காஸ் நிக்கும். அந்த காஸ் காத்தை விட கனம், கசிஞ்சா மேல போய் கலைஞ்சு போகாது, மூடின வண்டிக்குள்ள தரையோட தரையா படுத்துக்கும், கதவைத் திறக்கிறப்ப ஒரு பொறி போதும். கனெக்ஷன் குடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டு அங்க போய் வேற வாங்கிக்குங்க. பைக் ஏத்துறீங்கன்னா டேங்க்ல இருக்கிற பெட்ரோல் மொத்தமும் எடுத்துட்டு பேட்டரி வயரைக் கலட்டித்தான் ஏத்தணும், அதுவும் இதே காரணம்தான், பெட்ரோல் ஆவியும் கீழதான் தேங்கும்.

பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் எரியற சாமான், ஏத்தக் கூடாது. ஸ்ப்ரே கேன்கள் (பூச்சி மருந்து, சென்ட், ஹேர் ஸ்ப்ரே) பின்னாடி படிச்சுப் பாருங்க, 50 டிகிரிக்கு மேல சூடு படக்கூடாதுன்னு போட்டிருக்கும். வெயில்ல நிக்கிற மூடின லாரிக்குள்ள ஏறிப் பாத்தவங்களுக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு, ரெண்டு நிமிஷத்துல சட்டை நனைஞ்சிரும். தீயணைக்கிற சிலிண்டரும் அழுத்தத்துல இருக்கிற சாமான்தான், அதையும் விட்டுருங்க.

பாத்ரூம் சாமான் ஒரு டப்பாக்குள்ள மொத்தமா அள்ளிப் போடுறது எல்லா வீட்டுலயும் நடக்கும், அது ரொம்ப ஆபத்து. ப்ளீச்சும் கக்கூஸ் கழுவற ஆசிட்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்தா குளோரின் வாயு வரும். நாங்க ஒரு தடவை டப்பாவைப் பிரிக்கிறப்ப மூச்சு முட்டி ரெண்டு பேரு வாசல்ல போய் உக்காந்துட்டாங்க, மேல எழுதியிருந்தது என்னமோ துணின்னுதான். அதனால பாட்டில்ல இருக்கிறதை இங்கயே தீத்துருங்க இல்ல பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருங்க. இன்னொன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மரச்சாமானுக்கு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) தேய்ச்ச துணி வீட்டுல கிடந்தா அதைச் சுருட்டி மூட்டைக்குள்ள திணிக்காதீங்க, அது காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேந்து தானா சூடாகி தானா பத்திக்கும், நெருப்பே வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரி, உள்ள இருக்கிறது சல்ஃபூரிக் ஆசிட். நேரா நிமித்தி வச்சு, ரெண்டு முனையையும் டேப் சுத்தி மூடி, ஒரு பிளாஸ்டிக் ட்ரேல வச்சா கொண்டு போலாம், ஆனா சாஞ்சா மூடி வழியா கசியும், பக்கத்துல இருக்கிற மெத்தைல பட்டா ஓட்டைதான். பெரிய பேட்டரி 50 கிலோ வரும், அதை ஒரு ஆளு தூக்கச் சொல்லாதீங்க. பழைய பேட்டரின்னா மாத்திக் குடுத்துட்டு அங்க புதுசா வாங்குறது நிம்மதி.

பவர் பேங்க், லேப்டாப், ஹார்ட் டிஸ்க், நகை, பணம், சர்ட்டிஃபிகேட், பத்திரம், வீட்டுச் சாவி இதெல்லாம் உங்க கையில. பவர் பேங்க் உள்ள இருக்கிறது லித்தியம் பேட்டரி, அது கனமான டப்பா அடியில நசுங்கக் கூடாது. ஃப்ளைட்ல போறீங்கன்னா செக் இன் பெட்டில போடக் கூடாது, கைப்பைலதான், 100 வாட் ஹவர் வரைக்கும் தனியா அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க்னா சுமார் 74 வாட் ஹவர்தான் வரும், அதனால கவலைப்படாதீங்க.

குளிர்_மெக்கானிக்:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் ஃப்ரிட்ஜ் வாஷிங் மெஷின் சர்வீஸ் பண்றவன், வீடு மாத்தினதுக்கப்புறம் வர்ற போன் கால்தான் எனக்கு அதிகம் அதனால இதை விரிவாவே எழுதறேன்.

ஃப்ரிட்ஜை ஏத்துறதுக்கு ஒரு நாள் முன்னாடியே ஆஃப் பண்ணி கதவைத் திறந்து விட்டுருங்க, ஐஸ் எல்லாம் உருகி தண்ணி வடிஞ்சு காயணும், பின்னாடி கீழ ஒரு சின்ன ட்ரே இருக்கும் அதுலயும் தண்ணி நிக்கும் அதைக் கொட்டிருங்க. உள்ள இருக்கிற கண்ணாடித் தட்டு எல்லாம் வெளிய எடுத்துத் தனியா சுத்துங்க. லாரில நின்ன வாக்குலதான் போகணும். ஏன்னா கம்ப்ரசருக்குள்ள ஆயில் இருக்கு, படுக்க வச்சா அது பைப்புக்குள்ள ஓடிரும், அப்படியே சுவிட்ச் போட்டீங்கன்னா கம்ப்ரசர் ஆயில் இல்லாம ஓடும், இல்ல ஆயிலையே அமுக்கப் பாத்து வால்வு போகும். வாசல்ல நுழையலைன்னு கொஞ்ச நேரம் சாச்சாங்கன்னா ஒண்ணும் ஆகாது, எவ்ளோ நேரம் சாஞ்சு இருந்துச்சோ குறைஞ்சது அவ்ளோ நேரம் நிமித்தி வச்சுட்டு அப்புறம் போடுங்க, வழி பூரா படுத்து வந்துச்சுன்னு சந்தேகம் இருந்தா ஒரு நாள் முழுக்க விடுங்க. புது ஃப்ரிட்ஜ் நிறையதுல குளிர வைக்கிற காஸ் R600aதான், அது எரியற காஸ், உள்ள இருக்கிற அளவு கம்மிதான் ஆனா பின்னாடி இருக்கிற பைப்பைப் பிடிச்சுத் தூக்க விடாதீங்க.

இப்ப வாஷிங் மெஷின். உங்க கேள்வியைப் படிச்ச உடனே எனக்குத் தோணுனது இதுதான் மேடம், அந்த மெஷின் புதுசா வந்தப்ப பின்னாடி மூணோ நாலோ நீளமான போல்ட் இருந்திருக்கும், மாட்ட வந்தவர் அதைக் கலட்டி ஒரு கவர்ல போட்டு உங்க கையில குடுத்திருப்பார். அது எங்க இருக்குன்னு இன்னைக்கே தேடுங்க. ஃப்ரன்ட் லோடு மெஷின்ல டிரம்மு பாடியோட ஒட்டி இருக்காது, மேல ஸ்ப்ரிங்ல தொங்கும், கீழ ஷாக் அப்சார்பர் தாங்கும், அது போதாதுன்னு டிரம்முக்கு மேல கான்கிரீட் கட்டி ஒண்ணு வெயிட்டுக்கு மாட்டியிருக்கும். போல்ட் இல்லாம ரெண்டு நாள் லாரில போனா ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த மொத்த வெயிட்டும் ஆடி ஆடி பக்கவாட்டுல இடிக்கும். நான் திறந்து பாத்த ஒரு மெஷின்ல கான்கிரீட் கட்டி விரிஞ்சு போய், ஸ்ப்ரிங் ஒண்ணு கொக்கில இருந்து நழுவி, கதவு ரப்பர் கிழிஞ்சு இருந்துச்சு. வெளியில ஒரு கீறல் கிடையாது. ஸ்பின் போட்டப்பதான் மெஷினே நடக்க ஆரம்பிச்சிருக்கு. அதே மாதிரி புது வீட்டுல போல்ட்டைக் கலட்டாம ஓட்டினாலும் மெஷின் குதிக்கும், அதையும் மறக்காதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கீழ இருக்கிற ஃபில்டரைத் திறந்து தண்ணியை வடிச்சிருங்க.

ஏசி இருந்தா மூவர்ஸ் ஆளுங்க ஸ்பேனர் எடுத்துக் கலட்ட விடாதீங்க, காஸை வெளி யூனிட்டுக்குள்ள இழுத்து அடைச்சுட்டுத்தான் பைப்பைக் கலட்டணும், அது டெக்னீஷியன் வேலை. டிவி எப்பவும் நின்ன வாக்குல. படுக்க வச்சா நடுவுல தாங்க ஆள் இல்லாம பேனல் வளையும், மேல ஒருத்தர் தலகாணி வச்சாக்கூட முடிஞ்சுது. பழைய டப்பாவும் தெர்மாகோலும் இருந்தா அதுதான் நல்லது, இல்லைன்னா திரைக்கு முன்னாடி ஒரு மெல்லிய துணி, அதுக்கு மேல கெட்டி அட்டை, அதுக்கு மேல போர்வை.

மழைத்தூறல்:
நான் போன வருஷம் இதே மாதிரி மாறினேன், உங்க லிஸ்ட்ல வார்ட்ரோப்பைப் பாத்த உடனே லாகின் பண்ணிட்டேன்.

பார்ட்டிகிள் போர்டு மரத்தூளும் பசையும் சேத்து அழுத்தினது அவ்ளோதான் தோழி. கலட்டி மாட்டலாம்னு சொல்லுவாங்க, கலட்டுவாங்க, திரும்ப மாட்டறப்ப ஸ்க்ரூ ஏறின ஓட்டைல தூள் கொட்டும், பிடிக்காது. என்னோடது அங்க போய் நிக்க வச்ச அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு, துணி அடுக்கின மூணாவது நாள் பக்கத்துப் பலகை அப்படியே விரிஞ்சு கதவு ஒரு பக்கமா தொங்கிருச்சு. முடிஞ்சா உள்ள எல்லாத்தையும் காலி பண்ணிட்டு முழுசா தூக்கச் சொல்லுங்க, தரையில இழுக்க விடாதீங்க, கால் பேத்துக்கும். முழுசா வெளிய வராதுன்னா கலட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூட்டையும் போட்டோ எடுங்க, ஸ்க்ரூ எல்லாம் ஒரே கவர்ல போட்டு அந்தப் பலகையிலயே ஒட்டச் சொல்லுங்க. ரொம்பப் பழசுன்னா மனசைத் தேத்திட்டு இங்கயே குடுத்துருங்க, திடமான மரச்சாமான் எத்தனை தடவை வேணாலும் மாறும் இது மாறாது.

இன்னொரு விஷயம் நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. கண்ணாடிப் பாத்திரமெல்லாம் நானே ராத்திரி உக்காந்து பாத்துப் பாத்து பேக் பண்ணேன். தட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வச்சேன், 14ல 9 உடைஞ்சுது. கேட்டா, டப்பா வெளியில நசுங்கல, உள்ள பேக் பண்ணது நீங்க, இன்சூரன்ஸ் வராதுன்னுட்டாங்க. பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு, நான்தான் படிக்கல. அதனால உடையற சாமானை அவங்களையே பேக் பண்ண விடுங்க, நீங்க பக்கத்துல நில்லுங்க. தட்டு எப்பவும் ஓரத்துல நிக்கணும், புத்தகம் அடுக்கற மாதிரி. நிலைக்கண்ணாடியும் டேபிள் கண்ணாடியும் அப்படியேதான், நின்னாத்தான் தாங்கும். கண்ணாடி மேல டேப்பைக் குறுக்கா ஒட்டறது உடையாம இருக்க இல்ல, உடைஞ்சா சில்லு சிதறாம இருக்கத்தான், அதை நம்பிப் படுக்க வச்சிராதீங்க.

லோடு ஏத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெரிய சாமானையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க, இறக்கினதும் டப்பா நம்பரை லிஸ்டோட ஒத்துப் பாத்துட்டு, நசுங்கல் இருந்தா அந்தப் பேப்பர்லயே எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க. நான் ராத்திரி 11 மணிக்கு அசதில பாக்காம போட்டுட்டேன்.

நீலத்துடுப்பு:
மீன் தொட்டி பத்தி யாரும் சொல்லல. லாரில போகும், ஆனா முழுக்கக் காலியா மட்டும்தான். 100 லிட்டர் தண்ணின்னா 100 கிலோ, அதுக்கு மேல கல்லு மண்ணு. கொஞ்சமா தண்ணி விட்டுத் தூக்கலாம்னு நினைப்பாங்க, தூக்கற அந்த ஒரு முறுக்கல்ல கண்ணாடியைச் சேத்துப் பிடிக்கிற சிலிகோன் ஒட்டு விட்டுரும், அன்னைக்குத் தெரியாது, புது வீட்டுல நிரப்பி ரெண்டாவது ராத்திரி தரையெல்லாம் தண்ணி நிக்கும். கல்லையும் வெளிய எடுத்துருங்க.

மீனை லாரிக்காரங்ககிட்ட குடுக்கவே குடுக்காதீங்க, உங்களோட வரணும். முந்தின நாள் தீனி போடாதீங்க, வயிறு காலியா இருந்தா தண்ணி கெடாது. பைல மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் காத்து, வெளிச்சம் படாம ஒரு தெர்மாகோல் பெட்டில வைங்க. பலரும் கோட்டை விடறது ஃபில்டர் ஸ்பான்ஜ். புது வீட்டுக்குப் போறோமேன்னு அதைக் குழாய்த் தண்ணில தேய்ச்சுக் கழுவிக் காயப் போட்டு எடுத்துட்டுப் போவாங்க. அதுல இருக்கிற பாக்டீரியாதான் மீனோட கழிவுல வர்ற அமோனியாவைச் சுத்தம் பண்ணுது, காஞ்சா செத்துரும். தொட்டித் தண்ணியிலயே நனைச்சு, மூடி இறுக்காத டப்பால வச்சு மீனோடயே எடுத்துட்டுப் போங்க. உங்க பயணம் ஒரு நாளுக்கு மேலன்னா இங்கயே மீன் வளக்கிற யாருக்காவது குடுத்துட்டுப் போறது மீனுக்கு நல்லது, கஷ்டமாத்தான் இருக்கும்.

புதுச்சாவி:
கண்ணுல தண்ணி வந்துருச்சு, இவ்ளோ பேரு இவ்ளோ பொறுமையா எழுதியிருக்கீங்க. சிலிண்டர் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டேன், பெயின்ட்டும் தின்னரும் கீழ் வீட்டு அண்ணன் அவர் வாசல் கேட்டுக்கு அடிக்க வேணும்னு வாங்கிட்டார். நாங்க காலைல கார்ல கிளம்பினா ராத்திரி போயிருவோம், அதனால மீன் எங்களோட வருது. வார்ட்ரோப் ஒண்ணை விட்டுட்டுப் போறோம்.

அப்பா படமும் இன்சுலினும் இன்னும் தெரியல. படத்துக்கு பபுள் ராப் நல்லா மூணு சுத்து சுத்தி மெத்தைக்கு நடுவுல வச்சு லாரில அனுப்பலாமா? படம் கார் டிக்கில நுழையாது, மூணடிக்கு நாலடி.

பழைய_லோடுமேன்:
தங்கச்சி பபுள் ராப் நேரடியா படத்துல படவே கூடாது. ஆயில் பெயின்ட் மேல பாக்கக் காஞ்ச மாதிரி இருக்கும், சூட்டுல இளகும், பபுள் ஒட்டிக்கிட்டு எடுக்கறப்ப படம் பூரா வட்ட வட்டமா தடம் விழுந்திருக்கும். நான் ஒரு வீட்டுல அதைப் பிரிச்சிருக்கேன், அந்தம்மா ஒண்ணும் பேசல, படத்தைத் திருப்பி சுவத்துப் பக்கமா வச்சுட்டு உள்ள போயிட்டாங்க. அந்த முகம் இன்னும் மறக்கல, அதான் இவ்ளோ சொல்றேன்.

இப்படிப் பண்ணுங்க. ஃப்ரேமோட நாலு மூலைக்கும் கெட்டி அட்டையை மடிச்சு உறை மாதிரி மாட்டுங்க, அது ஃப்ரேமை விட ஒரு விரக்கடை முன்னாடி துருத்தி நிக்கணும். அதுக்கு மேல படம் அளவுக்குப் பெரிய அட்டை ஒண்ணு, முன்னாடியும் பின்னாடியும். இப்ப அட்டைக்கும் படத்துக்கும் நடுவுல இடைவெளி இருக்கும், படத்தை எதுவும் தொடாது. அட்டைக்கு வெளியில பபுள் ராப் எவ்ளோ வேணும்னாலும் சுத்துங்க, பபுள் வெளிப்பக்கம் பாக்கட்டும். மெத்தைக்கு நடுவுல வேணாம், லாரி குலுங்கறப்ப மெத்தை அமுக்கும், கேன்வாஸ் உள்வாங்கிரும். ஆனா என் மனசுல பட்டதைச் சொல்லட்டுமா, அது கார் பின் சீட்ல போகணும். டிக்கில நுழையாதது பின் சீட்ல நிக்க வச்சா நுழையலாம், முன் சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிக்குங்க. மீன் பெட்டி டிக்கிக்குப் போகட்டும். அம்மா முன்னாடி உக்காந்தா திரும்பித் திரும்பிப் பாத்துக்குவாங்க.

மாத்திரைச்சீட்டு:
ஃபார்மஸில வேலை பாக்கறேன், இன்சுலின் பத்தி மட்டும். லாரில கண்டிப்பா கூடாது. பிரிக்காத இன்சுலின் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அதனால கூலர் பைல உங்களோட. வழக்கமா நடக்கிற தப்பு என்னன்னா ஐஸ் பேக்கை மருந்தோட ஒட்டி வைப்பாங்க, அது உறைஞ்சு போயிரும், ஒரு தடவை உறைஞ்ச இன்சுலின் உருகினாலும் சரியா வேலை செய்யாது, பாக்க அப்படியே இருந்தாலும் போட வேணாம். நடுவுல ஒரு துண்டு மடிச்சு வைங்க. இப்ப அம்மா போட்டுட்டு இருக்கிற இன்சுலின் பேனாவை ஐஸ்ல வைக்க வேண்டியதில்ல, கைப்பைல இருக்கட்டும், ஆனா காரை வெயில்ல நிறுத்திட்டுச் சாப்பிடப் போறப்ப பையைக் கூடவே எடுத்துட்டுப் போங்க. சுகர் பாக்கற மெஷினும் ஸ்ட்ரிப்பும் அதே பைல.

புதுச்சாவி:
அப்டேட். இன்னைக்குப் பூரா தேடினோம். கடைசில அம்மாதான் கண்டுபிடிச்சாங்க, தையல் டப்பா அடியில ஒரு கவர், அப்பா கையெழுத்துல "வாஷிங் மெஷின், எறிய வேண்டாம்"னு எழுதியிருக்கு. ஆனா போல்ட் மூணுதான் இருக்கு, மெஷின் பின்னாடி ஓட்டை நாலு. மூணை மாட்டி அனுப்பினாப் போதுமா மெக்கானிக் அண்ணா?

குளிர்_மெக்கானிக்:
மூணோட அனுப்பாதீங்க மேடம், ஒரு மூலை விட்டுப் போனா டிரம்மு அந்தப் பக்கமா முறுக்கும். கதவைத் திறந்தா உள் விளிம்புல இல்ல பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் இருக்கும், அதைப் படம் எடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க, டிரான்ஸிட் போல்ட்னு கேட்டா அந்த மாடலுக்குத் தருவாங்க. நாளைக்கே கேளுங்க, வர நாலஞ்சு நாள் ஆகலாம். ஹார்டுவேர்ல கிடைக்கிற சாதா போல்ட் நீளம் ஒத்துப் போனாலும் மாட்டாதீங்க, இதுல பிளாஸ்டிக் புஷ் ஒண்ணு சேந்து வரும், அதுதான் டிரம்மை அசையாம பிடிக்கிறது. கவர்ல இருக்கிற மூணுலயும் அந்தப் புஷ் இருக்கான்னு முதல்ல பாத்துச் சொல்லுங்க.

புதுச்சாவி:
இருக்கு அண்ணா, மூணுலயும் இருக்கு. காலைல முதல் வேலையா போறேன்.